எந்தச் சங்கத்தில் சேர்வது?

சித்தூரில் ஒருவரிடம் "உங்கள் தாய்மொழி என்ன?" என்று கேட்டால், பதிலுக்கு முன்பாகச் சின்னத் தயக்கம் ஒன்று வரும். கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்று பார்த்துக்கொண்டுதான் சொல்வார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வரும் வாத்தியாரிடம் ஒரு பதில். பெண் பார்க்க வந்தவர்களிடம் வேறொரு பதில். பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அப்பாவிடம் தமிழ், அம்மா வழிப் பாட்டியிடம் தெலுங்கு, மாங்காய் மண்டியில் பேரம் தெலுங்கில், சினிமா இரண்டிலும், கோபம் வந்தால் எது முதலில் வாயில் வருகிறதோ அது. இப்படி வளர்ந்த ஆளிடம் ஒரு கட்டத்தைக் காட்டி, இதற்குள் ஒரே ஒரு மொழியின் பெயரை எழுது என்றால் பேனா நிற்கத்தான் செய்யும்.

எல்லைக் கதை தெரிந்ததுதான். 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் போயிற்று. வேங்கடத்தை விடமாட்டோம் என்றார் ம.பொ.சி. அந்தப் பக்கத்தில் 'மதராஸ் மனதே' என்றார்கள். படாஸ்கர் செய்த பரிந்துரையை ஒட்டி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேடு வட்டார ஊர்கள் அந்தப் பக்கம் போயின, திருப்பதி இருந்த இடத்திலேயே இருந்தது. தொல்காப்பியப் பாயிரம் தமிழுக்கு வடக்கெல்லையாகச் சொல்லும் அந்த வேங்கட மலையின் அடிவாரத்தில்தான் நான் எம்.ஏ. தமிழ் படித்தேன். "திருப்பதியில் தமிழா?" என்று சென்னை நண்பர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். தெலுங்கிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு இந்தக் கேள்வி பழகிவிட்டது.

இந்தப் பழங்கதையை இப்போது எடுத்ததற்குக் காரணம் அமெரிக்கா.

சித்தூரிலும் திருப்பதியிலும் தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது பிள்ளை அங்கே இருக்கிறான், அல்லது பெண் அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவர்கள் போய் இறங்கிய சில மாதங்களில் ஒரு கேள்வி வருகிறது. எந்தச் சங்கத்தில் சேர்வது? தமிழ்ச் சங்கமா, தெலுங்கு சங்கமா? இங்கே எழுபது வருடமாக யாரும் தீர்த்துவைக்காத பிரச்சினையை அங்கே உறுப்பினர் படிவம் ஒரு நிமிடத்தில் தீர்த்துவிடுகிறது. 1953-இல் மொழிவாரியாகப் போட்ட கோட்டை நம் ஊர்ப் பஸ்கள் தினமும் தாண்டிப் போகின்றன. காட்பாடியில் ஏறினவர் சித்தூரில் இறங்கும்போது மொழியை மாற்றிக்கொள்வார், அவ்வளவுதான். அமெரிக்காவில்தான் அந்தக் கோட்டுக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு உதாரணம் போதும். 2019-இல் அமெரிக்க சுதந்திர தின விடுமுறையை ஒட்டி, வட அமெரிக்கத் தெலுங்கு சங்கமான 'தானா'வின் மாநாடு வாஷிங்டனில் நடந்தது. அதே நாட்களில் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் விழா சிகாகோவை ஒட்டிய ஷாம்பர்க்கில், பத்தாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டுடன் சேர்ந்து நடந்தது. அங்கே பட்டுப்புடவை, வாழையிலைச் சாப்பாடு, ஊரிலிருந்து வந்த நடிகர்கள், இங்கேயும் அவையேதான். ஒரே வார இறுதி. சித்தூர்க்காரர் எந்த விமானத்துக்கு டிக்கெட் வாங்குவார்?

பொங்கல் விஷயம் இன்னும் வேடிக்கை. பொங்கலும் சங்கராந்தியும் ஒரே நாள். சித்தூர் வீடுகளில் ஒரே பானை. அமெரிக்க நகரங்களில் அது இரண்டு விழாவாகி, இரண்டு பள்ளிக்கூட அரங்குகளில், பல சமயம் இரண்டு வெவ்வேறு சனிக்கிழமைகளில் நடக்கிறது. சூரியன் மகர ராசிக்குப் போவதற்கும் அரங்கம் வாடகைக்குக் கிடைப்பதற்கும் அங்கே சம்பந்தமில்லை என்பதை மன்னித்துவிடலாம். பானை இரண்டானதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

ஆரம்பம் இப்படி இல்லை. 1946-இல் வந்த சட்டப்படி வருடத்துக்கு நூறு இந்தியர்களுக்குத்தான் அமெரிக்காவில் குடியேற அனுமதி. 1965-இல் அந்தச் சட்டத்தை மாற்றி, படிப்பும் தொழிலும் உள்ளவர்களுக்குக் கதவைத் திறந்தார்கள். டாக்டர்கள், என்ஜினியர்கள், பேராசிரியர்கள் போனார்கள். ஒரு ஊரில் பத்து இந்தியக் குடும்பம் இருந்தால் அதுவே கூட்டம். பருப்புப் பொடி கொண்டுவந்தவர் பஞ்சாபியா மலையாளியா என்று யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

பிட்ஸ்பர்க் நகரத்தைச் சொல்கிறேன். எஃகு ஆலைகளுக்குப் பெயர்போன ஊர். அலகேனி, மனங்கஹேலா என்ற இரண்டு ஆறுகள் அங்கே கூடி ஒஹையோ என்ற மூன்றாவது ஆறாகின்றன. சுற்றிலும் குன்றுகள். நம் ஆட்கள் அங்கே குடியேறியபோது, நகர நடுவில் பூமிக்கடியிலிருந்து எடுத்த நீரைப் பீய்ச்சும் செயற்கை ஊற்றையும் சேர்த்துப் பார்த்து, இதுவும் ஒரு திரிவேணி சங்கமம்தான் என்றார்கள். பிரயாகையில் சரஸ்வதி கண்ணுக்குத் தெரியாமல் ஓடுவதுபோல இங்கேயும் ஒரு நிலத்தடி ஆறு. மலையும் ஆறும் மரமும் இருக்கும் இடத்தில் பெருமாள் வராமல் எப்படி? சிரிக்க வேண்டாம். புது ஊரில் கால் ஊன்ற நம் முன்னோர்கள் கடைப்பிடித்த வழியும் இதேதான். ஊருக்கு ஊர் ஒரு தென்திருப்பதியும் ஒரு தென்காசியும் வந்தது வேறு எப்படி?

இந்த பிட்ஸ்பர்க்குக்கு சித்தூர் மாவட்டத்தோடு ஓர் உறவு உண்டு. காளஹஸ்தி பக்கத்துக் காட்டூரில் 1937-இல் பிறந்த ராஜ் ரெட்டி, காளஹஸ்தியில் பள்ளிப் படிப்பு முடித்து, சென்னை கிண்டி என்ஜினியரிங் கல்லூரியில் பட்டம் வாங்கி, ஆஸ்திரேலியா போய், ஸ்டான்ஃபோர்டில் டாக்டரேட் முடித்து, 1969-இல் பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர். மனிதப் பேச்சைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் ஆராய்ச்சியில் முன்னோடி. கம்ப்யூட்டர் துறையின் நோபல் என்று சொல்லப்படும் ட்யூரிங் விருதை 1994-இல் பெற்றார்; அதைப் பெற்ற முதல் ஆசியர். தெலுங்கு நாட்டுக் கிராமம், தமிழ்நாட்டுக் கல்லூரி, பிட்ஸ்பர்க். சித்தூர் மாவட்டத்துப் பிள்ளைகள் போகும் வழி அன்றைக்கும் சென்னை வழியாகத்தான் இருந்தது.

அந்த ஊரின் பென் ஹில்ஸ் பகுதியில் குன்றின்மேல் வெங்கடேஸ்வரர் கோவில் கட்டும் வேலை 1976-இல் தொடங்கி, 1977-இல் பிரதிஷ்டை நடந்தது. மாதிரி திருமலைக் கோவில். உதவி திருப்பதி தேவஸ்தானம். அதே 1977-இல், ஜூலை 4-ஆம் தேதி, நியூயார்க்கின் ஃப்ளஷிங் பகுதியில் பிள்ளையார் கோவிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. அங்கே முன்னால் நின்றவர் ஐ.நா. சபையில் வேலை பார்த்த அழகப்பா அழகப்பன். இடம், ஒரு காலத்தில் ரஷ்ய சர்ச் இருந்த மனை. தமிழர் முன்கையெடுத்த அந்தக் கோவிலுக்கும் திருப்பதி தேவஸ்தானம் கைகொடுத்தது. இரண்டில் எது அமெரிக்காவின் முதல் முறையான கோவில் என்று இரு ஊராரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல சண்டை, நடக்கட்டும்.

பிட்ஸ்பர்க் கோவிலும் பிரிவினையிலிருந்து தப்பவில்லை. முதலில் எல்லா இந்தியருக்குமாக ஒரே கோவில் என்றுதான் பேச்சு. தென்னிந்திய ஆகமக் கோவில் வேண்டும் என்றவர்கள் பென் ஹில்ஸ் போனார்கள். மற்றவர்கள் பக்கத்து மன்ரோவில்லில், ஜைனர்களையும் சேர்த்துக்கொண்டு பிற்பாடு ஹிந்து-ஜைன கோவில் கட்டினார்கள். ஆனாலும் பென் ஹில்ஸ் கோவிலுக்குள் தெலுங்கர், தமிழர், கன்னடர் என்று வாசல் பிரியவில்லை. பிரியவும் முடியாது. திருமலையிலேயே அப்படித்தானே? மார்கழி மாதம் அங்கே சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை. ஆந்திர அரசின் கீழ் இருக்கும் கோவிலில், தெலுங்கு பேசும் அர்ச்சகர்கள் முன்னிலையில், விடிகாலையில் ஆண்டாளின் தமிழ். அன்னமய்யா தெலுங்கில் பாடினார், புரந்தரதாசர் கன்னடத்தில். தேவஸ்தானத்தின் 'சப்தகிரி' மாத இதழ் தெலுங்கிலும் வருகிறது, தமிழிலும் வருகிறது. ஏழுமலையானின் தாய்மொழி என்ன என்று கணக்கெடுக்க வந்த வாத்தியாரும் கேட்டதில்லை.

வார நாட்களில் வேலை என்பதால் அங்கே உற்சவங்களும் சனி, ஞாயிறுக்கு நகர்ந்துவிட்டன. வெளியூர்களிலிருந்து நாலைந்து மணி நேரம் கார் ஓட்டி வருவார்களாம். புளியோதரை, தயிர்சாதம், புதுக் காருக்குப் பூஜை, முதல் மொட்டை. ஆறு மாத விசாவில் பேரப்பிள்ளை பார்க்கப் போகும் நம் ஊர்த் தாய்மார்களுக்கு அந்தக் கோவில் மண்டபம்தான் அமெரிக்கா. கார் ஓட்டத் தெரியாது, வெளியே பனி, பிள்ளைகள் ஆபீஸில், வாரம் ஒருநாள் மண்டபத்தில் உட்கார்ந்து "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டால்தான் மூச்சு வரும். அந்தக் கேள்வியை எந்த மொழியில் கேட்பது என்பது அங்கே பிரச்சினையே இல்லை. ஒன்றில் பதில் வராவிட்டால் மற்றொன்றில் கேட்பார்கள்.

பிட்ஸ்பர்க்கிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே காரில் போனால் க்ளீவ்லாண்ட். 1978-இலிருந்து அங்கே தியாகராஜ ஆராதனை நடக்கிறது. தேவாலயம் ஒன்றின் நிலவறையில் ஆரம்பித்து, இன்று பல நாள் விழாவாகியிருக்கிறது. திருவையாற்றில் இருந்துகொண்டு தெலுங்கில் பாடியவருக்கு, பெரும்பாலும் தமிழர்களே கூடி எடுக்கும் விழா. அங்கே பாடும் குழந்தைகளில் எத்தனை பேருக்கு அந்தச் சொற்களின் அர்த்தம் தெரியும் என்று கேட்கத் தோன்றுகிறது. மெட்ராஸ் சபாக்களில் மட்டும் தெரிகிறதா என்று யாராவது திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பிறகு கூட்டம் பெருகியது. 1990களின் சாஃப்ட்வேர் வேலைகள், அப்புறம் படிக்கப் போனவர்கள். 2010-இலிருந்து 2017-க்குள் அமெரிக்காவில் தெலுங்கு பேசுவோர் எண்ணிக்கை 86 சதவீதம் கூடியது. அந்நாட்டில் மிக வேகமாக வளரும் மொழி தெலுங்குதான் என்று அப்போது செய்தி வந்தது. எண்ணிக்கை கூடினால் தனித்தனியாக வைத்துக்கொள்ள வசதி வருகிறது. பத்து பேர் இருந்தால் இந்தியர் சங்கம், நூறு பேர் ஆனால் மொழிச் சங்கம், ஆயிரம் ஆனால் அதற்குள்ளும் பிரிவு. தெலுங்கர்களுக்கு தானா ஒன்று போதவில்லை. ஆட்டா வந்தது, நாட்ஸ், நாட்டா வந்தன, தெலங்கானா பெயரிலும் சங்கங்கள் உண்டு. மொழி சேர்த்துவைத்தவர்களை வேறு எதுவோ பிரித்திருக்கிறது. அது என்னவென்று ஆந்திரத்தைத் தெரிந்த வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சங்கங்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்காக 60 லட்சம் டாலர் திரட்ட வேண்டியிருந்தபோது, தமிழர்கள் உலகெங்குமிருந்து கொடுத்து 2018-இல் இலக்கைத் தொட்டார்கள்; தமிழக அரசு தந்தது 10 கோடி ரூபாய். விபத்தில் இறந்த மாணவனின் உடலை ஊருக்கு அனுப்பிவைக்க இரவோடு இரவாக ஓடுவதும் இந்தச் சங்கத்துக்காரர்கள்தான். சித்தூர் பக்கத்தில் அப்படிப்பட்ட வீட்டில் துக்கம் விசாரிக்கப் போனால், சங்கத்தார் பேரைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஆகவே சங்கம் வேண்டும். என் கவலை வேறு இடத்தில்.

அது வாராந்திர மொழி வகுப்பில். கலிஃபோர்னியாவில் 1998-இல் தமிழ்க் கல்விக்கழகம் தொடங்கியது. தெலுங்குக்கு 2007-இல் சிலிக்கான் ஆந்திராவின் 'மனபடி' வந்தது. இன்று பல மாநிலங்களில் இரண்டு மொழிக்கும் வகுப்புகள் நடக்கின்றன. பெற்றோர்களே வாத்தியார்கள், சம்பளம் கிடையாது. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் பிள்ளைக்கு வாரத்தில் கிடைப்பது ஒரு காலை நேரம்தான். மிச்சம் நீச்சலுக்கும் பாட்டுக்கும் கணக்குக்கும். இரண்டு மொழி வீட்டுப் பிள்ளை ஒன்றைத்தான் எடுக்க முடியும். எடுக்காத மொழி வீட்டிலும் மெல்ல நின்றுபோகிறது. அப்பா தமிழ், அம்மா தெலுங்கு, பிள்ளை வகுப்பில் இரண்டில் ஒன்று. சாப்பாட்டு மேஜையில் மூவருக்கும் பொதுவாக இங்கிலீஷ். எந்தச் சங்கத்தின் ஆண்டறிக்கையிலும் இந்தக் கணக்கு வராது.

சித்தூரில் என் அத்தை ஒருவர் இருக்கிறார். வயது எழுபத்தைந்து. அந்தக் காலத்தில் தமிழ் வழிப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். தெலுங்கு சரளமாகப் பேசுவார். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. பஸ்ஸில் போர்டைப் பார்க்கமாட்டார், நம்பரைப் பார்ப்பார். அத்தை மகன் பிட்ஸ்பர்க்கில் இருக்கிறான். கட்டியது திருப்பதிப் பெண்ணை, வீட்டு மொழி தெலுங்கு. அவர்களுடைய மகளைத் தெலுங்கு வகுப்பில் சேர்த்தார்கள். அம்மாதானே பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது காரணம். நியாயமான காரணம்தான். போன வருடம் வகுப்பில் பாட்டிக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தபாலில் வந்தது. தெலுங்கு எழுத்து, கோடு போட்ட தாளில், குண்டு குண்டாக.

அத்தை என்னைக் கூப்பிட்டனுப்பினார். "நீதான் இந்தப் பாஷையிலேர்ந்து அந்தப் பாஷைக்கு மாத்தறவனாச்சே, படிச்சு சொல்லுப்பா" என்றார். நான் சத்தமாகப் படித்தேன். மாற்றவேண்டிய தேவையே இல்லை. காதில் விழுந்ததும் அவருக்கு எல்லாம் புரிந்தது. மொழிபெயர்ப்பாளனுக்கு அங்கே வேலையில்லை, எழுத்துத் தெரிந்த ஒரு ஆள் போதும்.

'நானம்மாவுக்கு' என்று கடிதம் ஆரம்பித்திருந்தது. தெலுங்கில் அப்பாவைப் பெற்றவளை அப்படித்தான் அழைப்பார்கள். ஃபோனில் அந்தப் பெண் 'பாட்டி' என்றுதான் கூப்பிடுமாம். "நானம்மாவா? சரி, அதுவும் நான்தானே" என்றார் அத்தை. பனி பெய்தது, பள்ளிக்கு லீவு விட்டார்கள், கோவிலில் தயிர்சாதம் சாப்பிட்டேன் என்று போய், கடைசியில் ஒரு கேள்வி: 'நானம்மா, உனக்குத் தெலுங்கு வருமா?'

மகன் ஃபோனில் அம்மாவிடம் பேசுவது எப்போதும் தமிழில். பேத்தி வந்தால் ஹலோ, ஹவ் ஆர் யூ. பிறந்ததிலிருந்து தன் பாட்டி தெருவில் நாளெல்லாம் தெலுங்கு பேசுகிற மனுஷி என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிய வழியே இருந்திருக்கவில்லை. ஒன்பது வருடம் அந்த இரண்டு பேரும் பேசியிருக்கலாம்.

அத்தை பதில் சொல்லச் சொல்லத் தெலுங்கில் எழுதினேன். இப்போதெல்லாம் கைப்பேசியே எந்த எழுத்தையும் படித்துக் காட்டுமே, சொன்னதை எழுதுமே என்று வாசகர்கள் நினைக்கலாம். உண்மைதான், அதே ஊரில் நம் மாவட்டத்துக்காரர் எந்திரத்துக்குப் பேச்சைப் புரியவைக்கப் பாடுபட்டதன் பலனும் அதில் இருக்கிறது. ஆனால் எந்த மொழியில் பேசலாம் என்று பாட்டிக்கும் பேத்திக்கும் யாராவது சொல்லியிருக்க வேண்டும். அதைக் கைப்பேசி சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.

இங்கே மட்டும் நிலைமை ஒழுங்கா என்றால், இல்லை. தமிழ் வழிப் பள்ளிகள் இந்தப் பக்கத்தில் இன்னும் உண்டு. நான் பார்த்தவரை, வருடத்துக்கு வருடம் வகுப்பில் தலைகள் குறைகின்றன. தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வேனில் ஏறி இங்கிலீஷ் மீடியத்துக்குப் போகின்றன. குப்பத்தில் திராவிட மொழிகளுக்காகவே 1997-இல் பல்கலைக்கழகம் வந்தது. ஆனால் பக்கத்து வீட்டு மொழியைப் படிக்க வேண்டும் என்று அங்கே போகிற பிள்ளையை நான் இதுவரை சந்திக்கவில்லை. ஆனாலும் இங்கே தெரு இருக்கிறது. பால்காரர் ஒரு மொழி, மளிகைக்காரர் ஒரு மொழி. படிக்காவிட்டாலும் பேச்சு ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் தெரு கிடையாது, கார்தான். அங்கே வகுப்பில் விட்ட மொழி வேறெங்கும் கிடைக்காது.

சங்கத்துக்காரர்களைப் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஊரில் தமிழ் வகுப்பு சனிக்கிழமை என்றால் தெலுங்கு வகுப்பை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைக்கலாம். பொங்கலுக்கு ஒரு வருடமாவது ஒரே அரங்கத்தை வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம், செலவும் பாதியாகும். படிவத்தில் தாய்மொழி என்ற இடத்தில் இரண்டு கோடு போடலாம். சித்தூர்க்காரர் மட்டுமல்ல, கோயமுத்தூரிலும் மதுரையிலும் வீட்டில் தெலுங்கு பேசி வெளியில் தமிழில் வாழும் எத்தனையோ குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. பெங்களூர்த் தமிழர், பாலக்காட்டார் எல்லோரும் இதே வரிசைதான்.

அத்தையின் பதில் கடிதத்தில் கடைசி வரி மட்டும் தமிழில். அதை அவரே தன் கையால் எழுதினார், மகன் படித்துக் காட்டட்டும் என்று. கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் பாட்டியும் பேத்தியும் தெலுங்கில் பேசிக்கொள்கிறார்களாம். மகன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் அம்மாவுக்கு இவ்வளவு தெலுங்குப் பழமொழி தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறானாம். இரண்டாவது பையனுக்கு நாலு வயது ஆகிறது. வரும் செப்டம்பரில் அவனை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று புருஷனும் பெண்டாட்டியும் இன்னும் முடிவு செய்யவில்லை. அத்தையிடம் கேட்டிருக்கிறார்கள். அத்தை என்னிடம் கேட்கிறார்.